மசில் காரில் இருப்பது கூடப் பிறந்த பிளாக்கா, பிறகு மாற்றியதா? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

1960-களின் அமெரிக்க மசில் கார் (பெரிய எட்டு சிலிண்டர் என்ஜின் பூட்டிய வேகக் கார்) ஒன்றை விலை பேசும்போது விற்பவர் வாயிலிருந்து முதலில் வரும் சொல் 'நம்பர்ஸ் மேட்சிங்'. தொழிற்சாலையில் காரோடு வந்த அதே என்ஜின் இன்றும் அதில் இருக்கிறது என்று பொருள். அது உண்மையா என்பதைப் பொறுத்து விலை எங்கோ போய் நிற்கும். விலை ஏறும் இடத்தில் பொய்யும் ஏறும் என்பதால், அந்தச் சொல்லை அப்படியே நம்பிவிடக் கூடாது.

என்ஜின் மாறியிருந்தால் யாரோ ஏமாற்றினார்கள் என்று அர்த்தமில்லை. இந்தக் கார்களை வாங்கியவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். வார இறுதியில் கால் மைல் பந்தயத்துக்குக் கொண்டுபோய் என்ஜினைக் கதறவிட்டார்கள். கனெக்டிங் ராடு உடைந்து, என்ஜினின் இரும்பு உடலான பிளாக்கின் பக்கவாட்டில் ஓட்டை விழும். கிரைஸ்லர் 1963-லேயே ஐந்து ஆண்டு, 50,000 மைல் வாரண்டி கொடுக்கத் தொடங்கியது; மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. அதனால் டீலர் புதிய பிளாக்கைப் போட்டுக் கொடுத்துவிடுவார். அப்படி மாறியவை ஒரு வகை. பிற்காலத்தில் காயலான் கடையிலிருந்து எடுத்துப் போட்டவை இன்னொரு வகை. பழைய எண்ணைத் தேய்த்துவிட்டுப் புது எண் அடித்தவை மூன்றாவது வகை. நாம் பிரித்தறிய வேண்டியது இந்த மூன்றையும்தான்.

பலரும் நேராக என்ஜின் எண் அடித்திருக்கும் இடத்துக்குப் போய் டார்ச் அடிப்பார்கள். நான் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். சுத்தியலும் எழுத்தைக் குத்தி அடிக்கும் 'பஞ்ச்' கருவியும் இருந்தால் ஒரு மாலைப் பொழுதில் மாற்றிவிடக்கூடிய இடம் அது. இரும்பை உருக்கி ஊற்றும்போதே அச்சிலிருந்து புடைத்து வந்த எழுத்துகளை மாற்றுவது அவ்வளவு சுலபமில்லை. அதனால் வார்ப்பு முதலில், பஞ்ச் பிறகு.

பெரும்பாலும் செவ்ரொலேவை வைத்தே விளக்குகிறேன். சந்தையில் அதிகம் கிடைப்பதும், அதிகம் போலி செய்யப்படுவதும் அதுதான். ஃபோர்டு, கிரைஸ்லர், பாண்டியாக் பற்றிப் பிறகு சுருக்கமாக.

முதலில் இடம் வலம்

அமெரிக்க காரில் ஓட்டுநர் இடப்பக்கம் உட்காருகிறார். இந்தியாவிலோ இலங்கையிலோ இருந்து படிப்பவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே 'இடம்', 'வலம்' என்று சொல்வதெல்லாம் காருக்குள் முன்னோக்கி உட்கார்ந்திருப்பவரின் இடமும் வலமும். பானெட்டைத் திறந்து எதிரே நின்று பார்த்தால் தலைகீழாகத் தெரியும்.

கையில் வேண்டியவை: நல்ல டார்ச், பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற சிறு கண்ணாடி, பிரேக் கிளீனர் அல்லது மண்ணெண்ணெய், நைலான் பிரஷ், சாக்பீஸ், மெல்லிய தாள், பென்சில், கேமரா நன்றாக உள்ள போன். உப்புத்தாள், கம்பி பிரஷ், அரம் மூன்றையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். ஏன் என்பது பஞ்ச் பகுதியில் புரியும்.

படி 1: காரின் பிறந்த தேதி

பிளாக்கைத் தொடுவதற்கு முன் கார் எப்போது கட்டப்பட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒப்பிட ஒரு தேதி இல்லாமல் பிளாக்கின் தேதியால் பயனில்லை.

1969 காமரோ ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் வின் எண் (காரின் அடையாள எண்) 13 இலக்கம். 124379என் (124379N) என்று தொடங்குகிறது என்றால்: 1 செவ்ரொலே, 24 வி-8 என்ஜின் கொண்ட காமரோ, 37 கூபே, 9 என்பது 1969, என் என்பது ஒஹையோ மாநிலத்து நார்வுட் ஆலை. என் இருக்கும் இடத்தில் எல் இருந்தால் லாஸ் ஏஞ்சலஸ் ஆலை. மீதி ஆறும் வரிசை எண். இதில் வி-8 என்பது மட்டுமே தெரியும். எந்த வி-8 என்பது தெரியாது. செவ்ரொலே வின் எண்ணில் என்ஜின் குறியீடு 1972-ல்தான் வந்தது. 'வின் எண்ணே இசட்-28 (காமரோவின் அதிவேக ரகம்) என்று சொல்கிறது' என்று யாராவது 1969 காமரோவைக் காட்டினால் புன்னகைத்துவிட்டு நகருங்கள்.

அடுத்து, ஃபயர்வாலில் (என்ஜினுக்கும் பயணிகள் அறைக்கும் நடுவே உள்ள தடுப்பு) ரிவெட் அடித்த சிறு தகடு. அதில் 03பி என்று இருந்தால் மார்ச் மாதம் இரண்டாம் வாரம். இதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு விதிவிலக்கு. அமெரிக்காவில் மாடல் ஆண்டு முந்தைய ஆண்டின் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே தொடங்கிவிடும். 1970 மாடல் காரில் 1969-ல் வார்த்த பிளாக் இருப்பது இயல்பு. 1969 காமரோவோ அடுத்த மாடல் தாமதமானதால் 1969 நவம்பர் வரை தயாரிப்பில் இருந்தது. ஆகவே செப்டம்பரில் வார்த்த பிளாக் அதில் இருந்தாலும் தப்பில்லை. தகட்டைப் பார்க்காமல் முடிவு சொல்லாதீர்கள்.

படி 2: வார்ப்பு எண்

செவ்ரொலேவில் பிளாக்கின் பின்கோடியில், கியர்பாக்ஸ் பொருந்தும் விளிம்பின் மேல், இடப்பக்கம் பாருங்கள். ஃபயர்வாலுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் நடுவே கை நுழையாத இடம். ஐம்பது வருஷத்து ஆயிலும் தூசியும் அங்கே கெட்டிப்பட்டிருக்கும். பிரேக் கிளீனர் அடித்து ஊறவிட்டு நைலான் பிரஷால் துடைத்து, சாக்பீஸைப் படுக்க வைத்துத் தேயுங்கள். புடைத்த எண் வெள்ளையாக எழுந்து வரும். கண் எட்டாவிட்டால் போனை உள்ளே நீட்டி வீடியோ எடுத்து, பிறகு நிறுத்திப் பாருங்கள்.

அந்தக் கால பிளாக்கில் ஏழு இலக்கம் கிடைக்கும். அடிக்கடி கண்ணில் படுவது 3970010. இதைப் பார்த்ததும் '350 பிளாக்' (350 கன அங்குலக் கொள்ளளவு) என்று பலரும் சொல்லிவிடுவார்கள். அவசரப்பட வேண்டாம். 302, 327, 350 மூன்றுக்கும் போர் (சிலிண்டரின் விட்டம்) 4 அங்குலம்தான். கிராங்கின் ஸ்ட்ரோக்தான் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 3.00, 3.25, 3.48 என்று மாறும். அதனால் ஒரே வார்ப்பு மூன்று என்ஜினுக்கும் போனது. 1969 இசட்-28-ன் 302 என்ஜினும் இந்த எண்ணில் வந்திருக்கிறது. லாரியில் போன சாதாரண என்ஜினும் இதே எண்ணில் வந்திருக்கிறது. இவை 'சிறிய பிளாக்' வரிசை; 'பெரிய பிளாக்' என்ற இன்னொரு என்ஜின் வரிசையிலும் இதே கதை: 3963512 என்ற எண்ணில் 1969-ன் 427-ம் உண்டு, 1970-ன் 454-ம் உண்டு. அந்த 454-லும் 450 குதிரைத்திறன் கொண்ட எல்.எஸ்.6-க்கும் சாதாரண எல்.எஸ்.5-க்கும் எண்ணில் வித்தியாசமில்லை.

ஆக, வார்ப்பு எண் 'இது அந்த என்ஜின்தான்' என்று உறுதி சொல்லாது. 'இது அந்த என்ஜினாக இருக்க முடியாது' என்று மட்டும் உறுதியாகச் சொல்லும். 1969 காரில் 14093638 இருந்தால் அத்தோடு விஷயம் முடிந்தது. அது 1987-க்குப் பிந்தைய 350 பிளாக்.

படி 3: வார்த்த தேதி

என்னைக் கேட்டால் முழு ஆய்விலும் இதுதான் முதுகெலும்பு. சிறிய பிளாக் செவ்ரொலேவில் அதே பின்விளிம்பில், பெரும்பாலும் வலப்பக்கம் இருக்கும். ஓர் எழுத்து, அடுத்து தேதி, கடைசியில் ஆண்டின் இறுதி இலக்கம். ஏ ஜனவரி, எல் டிசம்பர். 'ஏ 28 9' என்றால் ஜனவரி 28, ஒன்பதில் முடியும் ஆண்டு. அது 1959-ஆ, 1969-ஆ, 1979-ஆ என்பதை வார்ப்பு எண்ணை வைத்து முடிவு செய்ய வேண்டும். இரண்டு படியும் சேர்ந்தே நடக்க வேண்டியது இதனால்தான்.

வரிசை எப்போதும் இதுதான்: முதலில் பிளாக் வார்க்கப்படும், பிறகு என்ஜின் பூட்டப்படும், அதன் பிறகு கார். நம் காமரோவின் தகடு மார்ச் இரண்டாம் வாரம் என்கிறது. பிளாக் ஜனவரி 28-ல் வார்த்தது என்றால் கணக்கு அழகாகப் பொருந்துகிறது. அதே காரில் 'எஃப் 12 9' என்று இருந்தால்? ஜூன் 12. கார் ஓடத் தொடங்கி மூன்று மாதம் கழித்து வார்த்த இரும்பு. விற்பவர் கையில் எத்தனை காகிதம் இருந்தாலும் அது மாற்றிய பிளாக்தான். பஞ்ச் எண் கச்சிதமாகப் பொருந்தினால் இன்னும் மோசம், யாரோ அடித்திருக்கிறார்கள்.

வார்த்ததற்கும் கார் கட்டியதற்கும் இடைவெளி பொதுவாகச் சில வாரங்கள் முதல் இரண்டு மூன்று மாதங்கள் வரை. குறைவாக விற்ற என்ஜின்கள் கிடங்கில் கிடந்து தாமதமானதுண்டு. ஆறு மாதத்தைத் தாண்டினால் கேள்வி கேட்கத் தொடங்குங்கள்.

படி 4: பஞ்ச் அடித்த இடம்

இப்போது முன்பக்கம் வாருங்கள். வலப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்குச் சற்று முன்னால், பிளாக்கில் விரல் அகலத்துக்குச் சீவிய ஒரு தட்டையான பரப்பு இருக்கும். 1969 காரில் ஆல்டர்னேட்டர் அதை மறைத்துக்கொண்டிருக்கும்.

அங்கே இரண்டு செய்திகள் இருக்கலாம். ஒன்று, என்ஜின் ஆலை அடித்தது: 'வி0212டிஇசட்' போல. வி என்பது மிச்சிகனின் ஃபிளின்ட் ஆலை, 0212 பிப்ரவரி 12, கடைசி இரண்டு எழுத்து என்ஜின் வகை. இந்த ஜோடி 1969 இசட்-28-ன் 302-க்கு உரியது. பெரிய பிளாக்குகள் நியூயார்க் மாநிலத்து டோனவாண்டாவிலிருந்து வந்தவை, அவை அந்த ஊரின் முதலெழுத்தோடு தொடங்கும். 1970 செவெல் காரின் எல்.எஸ்.6-ல் நாலு கியர் மேனுவல் காருக்கு சி.ஆர்.வி. என்று மூன்று எழுத்து. போலிக்காரர்களுக்கு மிகப் பிடித்த மூன்று எழுத்தும் அவைதான்.

இரண்டாவது செய்தி காரின் வின் எண்ணில் ஒரு பகுதி. '19என்' என்று தொடங்கி ஆறு இலக்க வரிசை எண். இதைக் கார் பூட்டும் ஆலையில் அடித்தார்கள். 1969 காரில் சில சமயம் இது அந்தத் தட்டையான பரப்பில் இல்லாமல், இடப்பக்கம் ஆயில் ஃபில்டருக்கு மேலே சீவாத இரும்பின் மீது இருக்கும். இரண்டு இடத்தையும் பாருங்கள். வேறொரு காரின் வரிசை எண் இருந்தால் பிளாக் காயலான் கடை வழியாக வந்தது என்று பொருள். அதற்கு மேல் ஆராய்ச்சி தேவையில்லை.

நம்ம ஊர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் சேசிஸ் நம்பருக்கு பென்சில் பிரிண்ட் எடுப்பார்களே, அதே மாதிரி தாளை வைத்து பென்சிலால் தேய்த்து ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். போட்டோவில் தெரியாத ஆழ வித்தியாசம் சில சமயம் தாளில் தெரியும்.

படி 5: 'சி.இ.' என்று இருந்தால்

செவ்ரொலேவின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் வாரண்டிக்காகக் கொடுத்த செவ்ரொலே பிளாக்கில் மேலே சொன்ன எதுவும் இருக்காது. 'சி.இ.' என்ற இரண்டெழுத்து, அடுத்து ஆண்டின் கடைசி இலக்கம், பிறகு ஒரு வரிசை எண். என்ஜின் வகை எழுத்து கிடையாது, வின் எண்ணின் பகுதியும் கிடையாது. சி.இ.9 என்றால் 1969. நம் காமரோவில் ஜூனில் வார்த்த பிளாக்கும் சி.இ.9 என்ற முத்திரையும் இருந்தால், வாங்கிய புதிதிலேயே என்ஜின் போய் டீலர் மாற்றிக் கொடுத்திருக்கிறார் என்று கதை நேர்த்தியாக அமைகிறது. சி.இ.3 என்றால் 1973-ல் போட்டது.

கவுண்டரில் காசுக்கு வாங்கிய மாற்று பிளாக்குகளில் பரப்பு வெறுமையாகவே இருப்பதும் உண்டு. அந்த வெறுமைதான் போலிக்காரருக்குக் கிடைக்கும் வெள்ளைத்தாள்.

சி.இ. பிளாக் 302-ஆ 350-ஆ என்பதை முத்திரை சொல்லாது. அதை உள்ளே பார்த்துத்தான் அறிய வேண்டும்.

படி 6: எண்ணைப் படித்தாயிற்று, பரப்பையும் படியுங்கள்

பலர் தவறவிடும் இடம் இது. டார்ச்சை நேராக அடிக்காமல், பரப்பை உரசுவது போலப் பக்கவாட்டிலிருந்து தாழ்வாக அடியுங்கள். ஆலை விட்டுப்போன பரப்பில் மெல்லிய நேர்கோடுகள் தெரியும். பிளாக்கின் மேல்தளத்தைச் சீவிய பெரிய வெட்டுக்கருவி விட்டுச்சென்றவை. காரின் நீளவாக்கில், முன்னிருந்து பின்னாக, ஒன்றுக்கொன்று இணையாக ஓடும். எண்கள் அந்தக் கோடுகளின் மேல் விழுந்திருக்கும். ஒவ்வொரு எண்ணின் இருபுறமும் கோடு தொடரும்.

எண்ணைத் தேய்த்து அழித்தால் கோடும் போய்விடும். கண்ணாடி போல வழவழவென்றோ, உப்புத்தாள் இழுத்த குறுக்குக் கீறல்களோடோ, வட்ட வட்டமாகவோ இருந்தால் அந்தப் பரப்பை யாரோ தொட்டிருக்கிறார்கள். போலியாகவே கோடு போடுபவர்களும் உண்டு, ஆனால் இடைவெளி சீராக வராது. உங்கள் கையில் உப்புத்தாள் வேண்டாம் என்றது இதற்காகத்தான். ஆர்வத்தில் நீங்களே ஒரு தேய் தேய்த்தால் உண்மையான காரின் சாட்சி அழிந்துபோகும்.

எண்களின் நடையையும் கவனியுங்கள். என்ஜின் ஆலையின் முத்திரையும் கார் ஆலையின் முத்திரையும் வெவ்வேறு ஊரில், வெவ்வேறு ஆள், வெவ்வேறு கருவியால் அடித்தவை. இரண்டும் ஒரே உயரம், ஒரே ஆழம், ஒரே நேர்கோடு என்று அச்சடித்தாற்போல இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

ஒரு நியாயமும் சொல்லியாக வேண்டும். என்ஜினைப் பிரித்து வேலை செய்யும்போது மெஷின் ஷாப்பில் மேல்தளத்தைச் சமன்படுத்த ஒரு சீவு சீவுவார்கள். அதில் எண்களும் கோடுகளும் அப்பாவித்தனமாகப் போய்விடும். எண் இல்லாத பரப்பு மோசடி ஆகிவிடாது. அப்போது வார்த்த தேதியும் ஆயில் ஃபில்டர் பக்கத்து எண்ணும்தான் துணை. எண்ணை மோசடியாக மாற்றுவது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம் என்பதையும் அறிந்துவையுங்கள். 'நானே திருப்பி அடித்துக்கொள்ளலாமா' என்ற யோசனையே வேண்டாம்.

பிற நிறுவனங்கள்

ஃபோர்டில் வார்ப்பு எண் 'சி9ஏஇ-6015' போல இருக்கும். சி என்றால் 1960-கள், டி என்றால் 1970-கள்; அடுத்த இலக்கம் ஆண்டு. 6015 என்பது பிளாக் என்பதற்கான எண். இது வடிவமைத்த ஆண்டு. வார்த்த ஆண்டு பிந்தியதாக இருக்கலாம். தேதி செவ்ரொலேவுக்குத் தலைகீழ்: ஆண்டு முதலில், பிறகு மாத எழுத்து, பிறகு நாள். மாத எழுத்துகளில் ஃபோர்டு ஐ என்பதைத் தாண்டிவிடும். அதனால் ஜே ஃபோர்டில் செப்டம்பர், செவ்ரொலேவில் அக்டோபர். பெரிய எஃப்.இ. வகை பிளாக் பலவற்றின் முன்பக்கம் '352' என்று புடைத்திருக்கும். அதை நம்பி ஏமாறாதீர்கள், 390-லும் 428-லும்கூட அந்த எண் வரும். போரை அளந்தால்தான் தெரியும்: 390-க்கு 4.05 அங்குலம், 428-க்கு 4.13.

கிரைஸ்லர் நல்லவர்கள், வார்த்த தேதியை மாதம், நாள், ஆண்டு என்று முழுசாகப் போட்டுவிடுவார்கள். 1966 முதல் 1972 வரையான 440-ன் எண் 2536430. 1970 சார்ஜரில் 3698830 இருந்தால் அது 1973-க்குப் பிந்தைய பிளாக். ஃபோர்டு, கிரைஸ்லர் இரண்டிலும் வின் எண்ணின் ஐந்தாவது எழுத்து என்ஜினைச் சொல்லிவிடும். 1970 கிரைஸ்லரில் ஆர் என்றால் 426 ஹெமி. 1969 மஸ்டாங்கில் இசட் என்றால் பாஸ் 429.

பாண்டியாக்கில் 350, 400, 455 எல்லாம் வெளித்தோற்றத்தில் ஒன்றே. எட்டாவது சிலிண்டருக்குப் பின்னால், வலப்பக்கப் பின்கோடியில் எண்ணைத் தேடுங்கள். 1969 ஜி.டி.ஓ.வில் 500557 இருந்தால் அது 1970-களின் பிற்பகுதி 400.

எண் படிக்கவே முடியாவிட்டால்

செவ்ரொலே சிறிய பிளாக்கில் எட்ட நின்றே சொல்லிவிடலாம். ஆயில் பார்க்கும் டிப்ஸ்டிக் வலப்பக்கம் இருந்தால் 1980-க்குப் பிந்தைய பிளாக், பழையவற்றில் இடப்பக்கம். கிராங்கின் பின்பக்க சீல் ஒரே வளையமாக இருந்தால் 1986-க்குப் பிந்தையது. பக்கவாட்டில் 'ஹெச்சோ என் மெக்சிகோ' (மெக்சிகோவில் தயாரித்தது) என்று புடைத்திருந்தால் பெரும்பாலும் பிற்காலத்தில் பெட்டியோடு விற்ற மாற்று என்ஜின். செவ்ரொலேவின் 'போ டை' சின்னமோ, 'டார்ட்' என்ற பெயரோ வார்ப்பிலேயே இருந்தால் பந்தயத்துக்கென்று தனியே விற்ற பிளாக். ஓட்டுவதற்கு அது ஒரிஜினலைவிட உறுதியாகவே இருக்கும், வேறு விஷயம்.

விற்பவர் ஆயில் சம்ப்பைக் கழற்றச் சம்மதித்தால், கிராங்கைத் தாங்கிப் பிடிக்கும் மெயின் கேப்களைப் பாருங்கள். 1969-ன் 302-க்கு நடு மூன்று கேப்களிலும் நாலு போல்ட். முத்திரை 302 என்று சொல்லி, உள்ளே எல்லாவற்றிலும் இரண்டே போல்ட் இருந்தால் முத்திரை பொய். நாலு போல்ட் இருந்துவிட்டால் உண்மை என்றும் ஆகாது. சாதாரண 350-களிலும் நாலு போல்ட் உண்டு.

காகிதமும் விலையும்

ஃபோர்டுக்கு 1967 முதலான தயாரிப்புப் பதிவுகளிலிருந்து மார்ட்டி ரிப்போர்ட் வாங்கலாம். பாண்டியாக்குக்கு பி.எச்.எஸ். என்ற நிறுவனம் பழைய பில் நகல் தருகிறது. அமெரிக்கச் செவ்ரொலேக்களுக்கு அப்படி ஒரு முழுப் பதிவு இல்லை என்பதால்தான் இரும்பையே இவ்வளவு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. டீலரின் வாரண்டிச் சீட்டு, பழைய சர்வீஸ் பில் என்று எது கிடைத்தாலும் தேதியை வார்ப்போடு ஒப்பிடுங்கள்.

விற்பவர் 'சி.இ. பிளாக்தான், 1969-லேயே மாறியது, இதோ டீலர் பில்' என்று தானாகச் சொன்னால் நான் அவரோடு உட்கார்ந்து பேசுவேன். ஒரிஜினல் விலை தரமாட்டேன், ஆனால் நல்ல விலை தருவேன். வழவழவென்று தேய்த்த பரப்பில் கச்சிதமான எண்ணை வைத்துக்கொண்டு ஒரிஜினல் விலை கேட்பவரிடம் பேரமே பேசமாட்டேன். என்ஜினில் அப்படிச் செய்தவர் தகட்டில் என்ன செய்திருப்பார் என்று யாருக்குத் தெரியும்?

வாங்குவதென்று முடிவானால், வார்ப்பு எண், வார்த்த தேதி, பஞ்ச் எண் மூன்றையும் விற்பனைப் பத்திரத்தில் எழுதி, 'ஒரிஜினல்' அல்லது 'மாற்று பிளாக்' என்று ஒரு வார்த்தையில் குறிப்பிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். அந்த ஒரு வார்த்தையை எழுத விற்பவர் தயங்கினால், அட்வான்ஸைப் பாக்கெட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.